கடலடி வண்டலில் பருவமழையின் வரலாறு

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்த மாவட்டங்களுள் பாலக்காடும் இடுக்கியும் குறிப்பிடத்தக்கவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடையே திறந்து கிடக்கும் அகன்ற கணவாயில் பாலக்காட்டுச் சமவெளி அமைந்துள்ளது. இடுக்கியோ 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைத் தன்னகத்தே கொண்ட மலைநாடு. ஒன்றில் நெல்லும் தென்னையும், மற்றொன்றில் தேயிலையும் ஏலமும் முக்கியப் பயிர்கள். ஆயினும் இரண்டின் வாழ்வும் ஒரே அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு தென்மேற்குப் பருவமழை.

இம்மழையை நம்பி இப்பகுதியில் பெரும் முதலீடுகள் செய்யப்பட்டுள்ளன. 1895இல் பெரியாறு அணையும், 1955இல் மலம்புழை அணையும் பயன்பாட்டுக்கு வந்தன. 1976இல் 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கி மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் தொடர்பாகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதிக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வழங்கப்பட வேண்டும். கேரளத்தின் ஏனைய பகுதிகளைவிடக் குறைந்த மழை பெறும் சித்தூர் உழவர்களுக்கு இந்த எண் வெறும் கணக்கன்று. பயிர் விளைவதா, கருகுவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவாகும்.

அணையின் உயரம், மதகுகளின் அகலம், பங்கீட்டு அளவு ஆகிய அனைத்தும் கடந்தகால மழையளவை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்படுகின்றன. இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பட்டது. அகில இந்தியப் பருவமழை பற்றிய தொடர்ச்சியான புள்ளிவிவரம் 1871 முதற்கொண்டே கிடைக்கிறது. ஆகவே திட்டமிடுவோர் கையிலுள்ள பதிவு சற்றேறக்குறைய 150 ஆண்டுகளுக்கு உரியது.

இக்காலம் போதுமானதா? எளிய நிகழ்தகவுக் கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். சராசரியாக 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடிய பெருமழை ஒன்று உண்டு எனக் கொள்வோம். 150 ஆண்டுப் பதிவில் அது ஒருமுறைகூட இடம்பெறாமற் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 74 ஆகும். அதாவது, அத்தகைய மழை உண்டு என்பதையே அறியாமல் திட்டமிடும் நிலைதான் பெரும்பாலும் ஏற்படும். 1924ஆம் ஆண்டு வெள்ளம் மூன்றாறு மலைப்பகுதியில் இயங்கிவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் மக்கள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றே நினைவில் வைத்திருந்தனர். 94 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 ஆகஸ்டில், கேரளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம் வந்தது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் அப்போது திறக்கப்பட்டன. இத்தகைய இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு மட்டும் எந்தப் புள்ளியியலாளரும் உறுதியான முடிவுக்கு வர இயலாது.

எனவே மழைமானி தோன்றுவதற்கு முன் பெய்த மழையின் பதிவு எங்கேனும் உண்டா என்னும் வினா எழுகிறது. அப்பதிவு அரபிக் கடலின் அடியில் படிந்துள்ள வண்டலில் இருக்கிறது. அதனைப் படிப்பதற்கு இரண்டு கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று, நுண்ணிய தொல்லுயிர் எச்சங்கள். மற்றொன்று, அவற்றின் கூடுகளில் உறைந்துள்ள நிலையான ஐசோடோப்புகள்.

மலையில் இல்லாத ஏடு

பாலக்காடு, இடுக்கி மலைகளில் காணப்படுபவை நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகத் தொன்மையான படிகப் பாறைகள். உயிரினங்கள் கூடும் ஓடும் பெறுவதற்கு முன்னரே, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை அவை. அவற்றில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களைத் தேடுவதிற் பயனில்லை. ஆனால் அம்மலைகளிலிருந்து அரிக்கப்படும் மண்ணும் அவற்றின்மீது பெய்யும் மழைநீரும் கடலைச் சென்றடைகின்றன. ஆனைமலையில் தோன்றும் பாரதப்புழை 209 கிலோமீட்டர் ஓடிப் பொன்னானியில் கடலுடன் கலக்கிறது. பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடி மத்திய கேரளக் கடற்கரையை அடைகிறது. மலையில் எழுதப்படாத வரலாறு இவ்வாறு கடலடியில் படிகிறது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. மறையூர்ப் பக்கமாக ஓடும் பாம்பாறும், அட்டப்பாடி வழியாகச் செல்லும் பவானியும் கிழக்கு நோக்கிப் பாய்பவை. அவை காவிரியின் வழியே வங்கக் கடலைச் சேர்கின்றன. ஆகவே மழைமறைவுப் பகுதியான மறையூர் போன்ற இடங்களின் நீர்வரலாற்றை அரபிக் கடல் வண்டலிலிருந்து நேரடியாகப் பெற முடியாது. எந்த ஆற்றின் செய்தி எந்தக் கடலில் கிடைக்கும் என்பதைப் பகுத்தறிவதே இவ்வாய்வின் முதற்படி.

கடல் நிலத்தை மூடியிருந்த காலத்துப் படிவங்கள் கேரளத்தின் கரையோரத்தில் ஓரளவு உள்ளன. கொல்லத்தை அடுத்த அஷ்டமுடி ஏரிக்கரையில், படப்பக்கரை என்னுமிடத்தில் வெளிப்படும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது. அதில் காணப்படும் நுண்ணெச்சம் ஒன்றன் இனப்பெயர் ‘மலபாரிக்கா’ என்பதாகும். 19ஆம் நூற்றாண்டில் இதனை விவரித்த கார்ட்டர் என்னும் ஆய்வாளர் மலபார்க் கரையின் பெயரை அதற்குச் சூட்டினார். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பகுதி இதனினும் தொன்மையான கடலின் படிவங்களுக்குப் புகழ்பெற்றது. அங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வழங்குவதும் அப்பழங்கடலே.

நுண்ணுயிர்க் கூடுகள்

கடல் வண்டலில் பலவகை நுண்ணெச்சங்கள் கிடைக்கின்றன. சுண்ணாம்பாலான காக்கோலித்துகள், சிலிக்காவாலான டயாட்டம்கள், ரேடியோலேரியாக்கள், நிலத்திலிருந்து காற்றும் ஆறும் கொண்டுவந்த மகரந்தத் துகள்கள் ஆகியவை அவற்றுட் சில. ஆயினும் மிகுதியாகப் பயன்படுபவை ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகளின் கூடுகளே. ‘துளைகளைத் தாங்கியது’ என்பது இப்பெயரின் பொருள். இவற்றின் கூடுகளிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுடையவை. கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம், கார்பனேட்டு ஆகியவற்றைக் கொண்டு இவ்வுயிரிகள் அறை அறையாகத் தம் கூட்டைக் கட்டுகின்றன. உயிரி மடிந்ததும் கூடு கடலடியில் வீழ்ந்து வண்டலோடு சேர்கிறது.

இவற்றுள் மிதந்து வாழ்பவை, அடித்தளத்தில் வாழ்பவை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. மிதப்பவை மேற்பரப்பு நீரின் நிலையையும், அடித்தளத்தில் வாழ்பவை ஆழ்நீரின் நிலையையும் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு சிற்றினத்திற்கும் தனித்தனி விருப்பங்கள் உண்டு. குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்பது வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரை விரும்புவது. குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்பது குளிர்ந்த, ஊட்டம் மிக்க நீரில் பெருகுவது.

பருவமழை ஆய்வில் இரண்டாவது இனத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும்போது ஓமான், சோமாலியா கரைகளை ஒட்டி மேற்பரப்பு நீர் விலக்கப்பட்டு, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கேரளக் கரையிலும் இந்நிகழ்ச்சி குறைந்த அளவில் ஏற்படுகிறது. மத்தி மீன்வளத்திற்கு அடிப்படைகளுள் ஒன்று இதுவேயாகும். காற்று வலுத்த காலத்து வண்டலில் புல்லாய்டிஸ் கூடுகளின் விகிதம் மிகுந்தும், தளர்ந்த காலத்து வண்டலில் குறைந்தும் காணப்படும். கூடுகளை எண்ணுவதன் மூலம் காற்றின் வலிமையை மதிப்பிடும் முறை இவ்வாறு உருவாயிற்று.

எடை வேறுபாடு கூறும் செய்தி

எண்ணிக்கையால் அறிய இயலாதவற்றை ஐசோடோப்புகள் தெரிவிக்கின்றன. ஒரே தனிமத்தின் அணுக்களுக்குள் எடை மட்டும் வேறுபட்டவை ஐசோடோப்புகள் எனப்படும். ஆக்ஸிஜன் அணுக்களில் 99.76 விழுக்காடு 16 என்னும் நிறையெண் உடையவை. ஏறத்தாழ 500இல் ஒன்று மட்டும் 18 என்னும் நிறையெண் உடையது. இவை கதிரியக்கத்தால் சிதைவதில்லை. கூட்டில் உறைந்தபோது இருந்த விகிதம், கூடு மாற்றமடையாத வரையில், பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே இருக்கும். ‘நிலையான’ என்னும் அடைமொழியின் பொருள் இதுவே.

இவ்விகிதம் மூன்று காரணங்களால் மாறுபடுகிறது. முதலாவது வெப்பநிலை. நீர் குளிரக் குளிரக் கூட்டில் சேரும் கன ஆக்ஸிஜனின் பங்கு கூடுகிறது. வெப்பம் 1 பாகை செல்சியஸ் குறைந்தால் விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 0.22 என்ற அளவில் உயர்கிறது. இரண்டாவது பனிப்பாளங்களின் அளவு. கடல்நீர் ஆவியாகும்போது இலகுவான மூலக்கூறுகளே எளிதில் வெளியேறுகின்றன. பனியுகங்களில் அவை துருவப்பகுதிகளை ஒட்டிய நிலங்களில் பனியாக முடங்கிவிடுவதால், எஞ்சிய கடல்நீரில் கன ஆக்ஸிஜன் மிகுகிறது. கடைசிப் பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது கடல்நீரின் விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 என்ற அளவில் உயர்ந்திருந்தது. மூன்றாவது காரணமே மழையாய்வுக்கு முக்கியமானது. மழைநீரும் ஆற்றுநீரும் இலகுவான ஆக்ஸிஜன் மிகுந்தவை. அவை கடலில் மிகுதியாகக் கலந்தால் விகிதம் தாழும். ஆவியாதல் மிகுந்தால் உயரும்.

இவ்வாய்வுக்கு அடித்தளமிட்டவர் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வேதியியலறிஞர் ஹெரால்டு யூரி ஆவார். கார்பனேட்டில் உள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு பண்டைய வெப்பநிலையை அறியலாம் என்பதை அவர் 1947இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். தென் கரோலினாவின் பீடீ படிவத்தில் கிடைத்த பெலம்னைட்டு என்னும் தொல்லுயிர் எச்சமே அளவீட்டின் ஒப்புத்தரமாக அமைந்தது. 1955இல் சேசரே எமிலியானி ஆழ்கடல் ஃபோராமினிஃபெராக்களில் இம்முறையைக் கையாண்டு, பனியுகங்கள் மாறி மாறி வந்தமையை எடுத்துக்காட்டினார். அவர் கண்ட மாற்றங்களிற் பெரும்பகுதி வெப்பத்தால் அன்றிப் பனியின் அளவால் ஏற்பட்டது எனக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கலஸ் ஷாக்கில்டன் பின்னர் நிறுவினார். ஒரே எண்ணுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்னும் எச்சரிக்கை இத்துறையில் அக்காலந்தொட்டு நிலைபெற்றது.

ஒரு கணக்கு

காரணங்களைப் பிரித்தறியும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வண்டலின் ஓர் அடுக்கிலுள்ள ரூபர் கூடுகள், இக்காலத்துக் கூடுகளைவிட ஆயிரத்துக்கு 2.0 என்ற அளவில் கனமாக உள்ளன என்றும், அவ்வடுக்கு பனியுக உச்சத்தைச் சேர்ந்தது என்றும் கொள்வோம். பனிப்பாளங்களின் பங்காக 1.0 கழிக்கப்படும். எஞ்சுவது 1.0. வெப்பநிலையைத் தனியே அறிவதற்கு மற்றொரு வழி உண்டு. கூட்டிலுள்ள மக்னீசியத்திற்கும் கால்சியத்திற்கும் இடையேயான விகிதம் நீரின் வெப்பத்தோடு உயர்வது. அதன்படி அக்காலத்துக் கடல் 2.5 பாகை குளிர்ந்திருந்தது எனத் தெரிந்தால், 2.5ஐ 0.22ஆல் பெருக்கக் கிடைக்கும் 0.55 கழிக்கப்படும். மீதமுள்ள 0.45 கடல்நீர் மிகவும் உவர்த்திருந்ததைக் காட்டும். மழையும் ஆற்றுநீரும் குறைந்திருந்தன என்பதே அதன் பொதுவான பொருள். குடும்ப வரவு செலவில் தெரிந்த இனங்களைக் கழித்துத் தெரியாத இனத்தைக் காண்பது போன்ற முறையே இது. தெரிந்த இனங்களில் நேரும் பிழை அனைத்தும் மீதத்தில் வந்து சேரும் என்பதும் அதைப் போன்றதே.

கேரளக் கடலில் மற்றொரு சிக்கலும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரையில், உவர்ப்புக் குறைந்த வங்கக் கடல் நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு கேரளக் கரைக்கு வருகிறது. ஆகவே ஓர் அடுக்கில் விகிதம் தாழ்ந்திருந்தால், அது பெரியாற்றிலும் பாரதப்புழையிலும் பெருகிய நீரால் நேர்ந்ததா, கங்கையும் பிரமபுத்திராவும் வங்கக் கடலிற் சேர்த்த நீரால் நேர்ந்ததா என்பதை ஆராய்ந்த பிறகே முடிவு கூற இயலும்.

கடலிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

1960 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் விளைவாக, 1966 ஜனவரி முதல் நாளன்று தேசியக் கடலாய்வு நிறுவனம் உருவாயிற்று. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட இதற்குக் கொச்சியில் மண்டல மையம் உண்டு. 1983இல் பணியில் சேர்க்கப்பட்ட ‘சாகர் கன்யா’ ஆய்வுக் கப்பல், அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் எடுத்த வண்டல் தண்டுகள் பல ஆய்வுகளுக்கு மூலப்பொருளாயின. ஐசோடோப்பு அளவீட்டில் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகம் நெடுங்காலமாக ஈடுபட்டுவருகிறது.

பணியின் போக்கு வருமாறு: நீண்ட குழாய் ஒன்று தன் எடையாலேயே கடலடியில் இறங்கி, வண்டலைத் தண்டு போன்ற வடிவில் வெளிக்கொணர்கிறது. தண்டு நெடுக்குவாட்டில் பிளக்கப்பட்டு, ஒரு சென்டிமீட்டர் அல்லது இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. மாதிரி 63 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டுக் கழுவப்படுகிறது. களிமண் வெளியேறிக் கூடுகள் எஞ்சுகின்றன. உலர்ந்த கூடுகளிலிருந்து ஒரே இனத்தையும் ஏறத்தாழ ஒரே அளவையும் சேர்ந்தவை, நுண்ணோக்கியின் அடியில் ஈரத்தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கப்படுகின்றன. ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு இங்கேயே செலவாகிறது. பின்னர் கூடுகளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கரியமில வளியை நிறை நிறமாலைமானியில் செலுத்தி ஐசோடோப்பு விகிதம் அளக்கப்படுகிறது. அடுக்குகளின் வயது கார்பன்–14 முறையால் கணிக்கப்படுகிறது. இம்முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையில் மட்டுமே பயன்படும்.

எரிபொருள் தேடலும் இவ்வறிவுக்குத் துணைபுரிந்துள்ளது. 2006இல் இந்திய அரசின் எரிவளி ஹைட்ரேட்டுத் திட்டத்தின்கீழ் கேரளக் கரைக்கு அப்பாலுள்ள கேரள–கொங்கண் வடிநிலத்தில் துளையிடப்பட்டது. அவ்விடத்தில் ஹைட்ரேட்டு கிடைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 290 மீட்டர் நீளத்துக்கு நுண்ணெச்சம் மிகுந்த வண்டல் கிடைத்தது. எரிபொருள் நோக்கில் வெறுமையாகத் தோன்றிய துளை, கடல் வரலாற்று ஆய்வுக்குக் கருவூலமாயிற்று. 2015இல் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ் அரபிக் கடலின் லட்சுமி வடிநிலத்தில் கடலடிக்குக் கீழே 1,000 மீட்டருக்கும் அதிகமாகத் துளையிட்டு மாதிரிகள் எடுக்கப்பட்டன.

கண்ட முடிவுகள்

மிக நீண்ட கால அளவில் நோக்கினால், 1987இல் ஓமான் கரைக்கு அப்பால் பன்னாட்டுக் கப்பல் துளைத்தெடுத்த வண்டலில் புல்லாய்டிஸ் கூடுகள் திடீரெனப் பெருகிய அடுக்கு கண்டறியப்பட்டது. பருவக்காற்று சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வலுப்பெற்றது என அதைக்கொண்டு கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதன் தொடக்கம் அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முற்பட்டது எனக் காட்டுகின்றன.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்திய பனியுக உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்தும், வடகிழக்குக் காற்று வலுத்தும் இருந்தமை வட இந்தியப் பெருங்கடல் முழுவதும் எடுக்கப்பட்ட தண்டுகளிலிருந்து தெரியவந்துள்ளது. பனியுகம் முடிந்தபின் பருவக்காற்று வலுப்பெற்று, ஏறத்தாழ 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஓங்கியிருந்தது. கோடையில் வடகோளம் பெற்ற சூரிய வெப்பம் அக்காலத்தில் மிகுந்திருந்ததே இதற்குக் காரணம். 2003இல் அனில் குப்தாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள், இவ்வலிமை படிப்படியாகக் குறைந்துவந்ததையும், இடையிடையே தளர்ச்சிகள் நேர்ந்ததையும், வட அட்லாண்டிக் கடல் குளிர்ந்த காலங்களோடு அவை ஒத்திருந்ததையும் காட்டின.

அதே ஆண்டில் சிந்து நதி முகத்துவாரத்திற்கு அப்பால் எடுத்த தண்டு பற்றிய ஆய்வும் வெளியாயிற்று. ரூபர் கூடுகளின் ஆக்ஸிஜன் விகிதத்தைக்கொண்டு, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் சிந்துவின் நீர்வரத்து குறைந்தது என அது தெரிவித்தது. அரப்பா நகரங்கள் தளர்வுற்ற காலமும் ஏறத்தாழ அதுவே. நாகரிகத்தின் மாற்றத்திற்கு ஒரே காரணத்தைக் கூறுவது பொருந்தாது. எனினும் நீரை நம்பிய பெருங்குடியிருப்புகளுக்கு நீண்ட வறட்சி எவ்வளவு பெரிய சோதனை என்பதை இது உணர்த்துகிறது.

மலையில் கிடைக்கும் சான்று

கடல் கூறுவதை நிலம் உறுதிப்படுத்துகிறதா? இதற்கான சான்று பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கேயுள்ள நீலகிரியில் கிடைத்தது. சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை ஆய்ந்து, ஆர். சுகுமாரும் உடன்பணியாற்றியோரும் 1993இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கரியமில வளியை வெவ்வேறு வழிகளில் பயன்படுத்துகின்றன. அதனால் மரங்களின் கார்பன் விகிதம் ஆயிரத்துக்கு −27 அளவிலும், அத்தகைய புற்களினது −13 அளவிலும் அமைகிறது. வறண்ட காலத்தில் புல் பரவும்; ஈரமான காலத்தில் சோலை பரவும். பனியுக உச்சத்தில் வறட்சியும், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளையொட்டி நல்ல ஈரமும், அதன்பின் மீண்டும் வறட்சியும் நிலவியதை அக்கரிமண் காட்டியது. இடுக்கியின் இரவிகுளம் உயர்நிலமும் இதே வகையான சோலை–புல்வெளி அமைப்பைக் கொண்டதாகலின் இம்முடிவு எல்லைப்புறத்துக்கு மிக நெருங்கியது.

காற்றும் மழையும் ஒன்றல்ல

ஆயினும் எல்லாச் சான்றுகளும் ஒத்துப்போகவில்லை. கிழக்கு அரபிக் கடலில், அதாவது இந்தியக் கரையை ஒட்டி எடுத்த தண்டு ஒன்றில் மூன்று மிதவை இனங்களின் ஆக்ஸிஜன் விகிதத்தை ஆய்ந்த இந்திய ஆய்வாளர்கள் 2000இல் வேறொரு முடிவை வெளியிட்டனர். அதன்படி, 10,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் மழையைவிட ஆவியாதல் மிகுந்திருந்த நிலை படிப்படியாகக் குறைந்தது. அதாவது மழை கூடிவந்தது. ஓமான் கரையின் நுண்ணெச்சங்களோ அதே காலத்தில் பருவக்காற்று தளர்ந்துவந்தது என்கின்றன.

இம்முரண்பாட்டைப் பிழையெனத் தள்ளிவிடலாகாது. ஓமான் கரையில் அளக்கப்படுவது காற்று. இந்தியக் கரையில் அளக்கப்படுவது நன்னீரின் வரவு. காற்று வலுத்தால் மழையும் அதே அளவில் பெருகும் என்பது எப்போதும் உண்மையன்று. மேலும், ஒரு நாட்டின் சராசரி மழை ஒவ்வொரு வட்டாரத்திற்கும் பொருந்துவதில்லை. மூன்றாறு நனையும் ஆண்டிலேயே மறையூர் வாடுவதுண்டு. அணைகளையும் வாய்க்கால்களையும் திட்டமிடுவோர்க்குத் தேவைப்படுவது காற்றின் வலிமை அன்று. தமது நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை. ஆதலால் கேரளக் கரையை ஒட்டிய தண்டுகளே இவ்வட்டாரத்திற்குப் பெரிதும் பயன்தரும்.

முறையின் வரம்புகள்

ஆழ்கடலில் 1,000 ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் வண்டலே படிகிறது. கரையை ஒட்டிய கண்டச் சரிவுகளில் சில பத்து சென்டிமீட்டர் படியக்கூடும். கடலடிப் புழுக்களும் நண்டினங்களும் அதையும் கிளறிக் கலந்துவிடுகின்றன. எனவே ஒரு மாதிரி என்பது பெரும்பாலும் பல பத்தாண்டுகளின் அல்லது நூற்றாண்டுகளின் சராசரி. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தையோ 2018ஆம் ஆண்டு வெள்ளத்தையோ அதில் தனித்துக் காண இயலாது. 2020 ஆகஸ்டில் மூன்றாறை அடுத்த பெட்டிமுடியில் 70 தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரின் உயிரைக் கவர்ந்த நிலச்சரிவு போன்ற நிகழ்ச்சியை முன்னுணர்த்தவும் அதனால் இயலாது. அதற்கு வேண்டியவை மழைமானிகளும், சரிவுகளின் ஆய்வும், உரிய நேரத்து எச்சரிக்கையுமே. தனிப்பட்ட பெருவெள்ளங்களின் தொன்மையை அறிய, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வெள்ளம் ஒதுக்கிச் சென்ற படிவுகளை ஆராயும் முறை உண்டு. நருமதை, தபதி ஆறுகளில் இது வெற்றியுடன் கையாளப்பட்டுள்ளது.

திட்டமிடலுக்கு என்ன பயன்?

அணைகள் எதிர்நோக்கும் இடர்கள் இருவகைப்பட்டவை. ஒன்று, ஒரே வாரத்தில் வரும் பெருவெள்ளம். மற்றொன்று, பல பத்தாண்டுகள் நீடிக்கும் மழைக்குறைவு. கடல் வண்டல் ஒளி பாய்ச்சுவது இரண்டாவதன்மீது. சராசரி மழை என்பது மாறாத ஒன்று என்னும் எடுகோளில்தான் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அமைகின்றன. ஆனால் சராசரியே நூற்றாண்டுகளின் போக்கில் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது என்பதற்கு நுண்ணெச்சங்கள் சான்று பகர்கின்றன. 7.25 டி.எம்.சி. என்பது போன்ற ஒரு நிலையான அளவு, மழை குறைந்த பத்தாண்டுத் தொடர் ஒன்றில் யாருடைய பங்கைக் குறைக்கும் என்பது எல்லையின் இருபுறத்து உழவர்களுக்கும் உரிய கேள்வி. அந்நிலை வருமுன்னரே அதற்கான விதிமுறைகளை வகுத்துக்கொள்வது அறிவுடைமை.

மேலும், புவி வெப்பமடையும் இக்காலத்தில் வருங்கால மழையைக் கணினி மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடுகின்றனர். கடந்தகாலத்தைச் சரியாகக் கணித்துக் காட்டும் மாதிரியையே எதிர்காலத்திற்கு நம்பலாம். 150 ஆண்டுப் பதிவு அச்சோதனைக்குப் போதாது. 10,000 ஆண்டுகளுக்கு முன்னைய மழையையும், பனியுக வறட்சியையும் மாதிரிகள் மீட்டுக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதற்கு உரைகல்லாக அமைவது இவ்வண்டல் பதிவேயாகும்.

இதற்காகச் செய்யத்தக்கவை சில உண்டு. பாரதப்புழை, பெரியாறு முகத்துவாரங்களுக்கு நேரே, ஆக்ஸிஜன் குறைந்தமையால் கடலடி உயிர்களின் கிளறல் மிகக் குறைவாக உள்ள கண்டச் சரிவுப் பகுதிகளைத் தேர்ந்து, நெருக்கமான இடைவெளியில் மாதிரிகளை ஆராய வேண்டும். அதே தண்டில் நுண்ணெச்சம், ஐசோடோப்பு, மகரந்தம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆய்ந்தால், ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். இரவிகுளம், ஆனைமலை ஆகிய உயர்நிலச் சதுப்புகளின் கரிமண்ணையும், கேரளத் தேக்கின் ஆண்டு வளையங்களையும் இவற்றோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். தேக்கு வளையங்கள் சில நூற்றாண்டுகளின் மழையை ஆண்டுவாரியாகவே காட்டவல்லவை. ஆகவே மழைமானிக்கும் கடல் வண்டலுக்கும் இடையே அவை பாலமாக அமையும்.

மழைமானி, மரவளையம், கரிமண், கடல் வண்டல் என்னும் நான்கும் வெவ்வேறு அளவுகோல்கள். முதலாவது நாளையும் ஆண்டையும், இறுதியானது ஆயிரமாண்டுகளையும் அளக்கிறது. இவற்றை இணைத்துப் பெறும் வரலாறு நீர்ப்பாசனத் துறையின் கணக்கேட்டில் இடம்பெற வேண்டும். ஓர் அணை 100 ஆண்டுகளுக்கு மேல் நிற்க வேண்டியது. அதை நம்பிய நிலமும் மக்களும் அதனினும் நெடுங்காலம் வாழ வேண்டியவர்கள். அத்தகைய முதலீட்டை 150 ஆண்டு அனுபவத்தின்மீது மட்டும் நிறுத்தாமல், கடலடியில் காத்திருக்கும் 10,000 ஆண்டு அனுபவத்தின்மீதும் ஊன்றி நிறுத்துவதே பொறுப்புள்ள திட்டமிடலாகும்.